வெயிலும் திரான்சிற்றரும்

மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை நாலந்தையைக் கடந்து இறங்கத் தொடங்கியதும் காற்றின் தன்மை மாறிவிடுகிறது. மலைநாட்டின் ஈரம் பின்தங்கிவிட, வறண்ட வலயத்தின் வெக்கை எதிர்கொண்டு நிற்கிறது. அந்த எல்லையில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போகும் பாதையும் குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் பாதையும் சந்திக்கும் இடத்தில் தம்புள்ளை இருக்கிறது. அதன் குகைக் கோயிலை உலகம் அறியும். 1991ஆம் ஆண்டு அது உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1999இல் அமைந்த பொருளாதார மத்திய நிலையத்தை மரக்கறி வியாபாரிகள் அனைவரும் அறிவர். நான் இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கோயிலுமன்று, சந்தையுமன்று, அதன் வெயில். வானொலிப் பெட்டியின் உள்ளமைப்பு கடந்த நூறாண்டுகளில் அடைந்த மாற்றங்களைக் குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு நோக்கினால் ஒரு கதை தெரிகிறது. தம்புள்ளையில் தகரக் கூரையின் கீழ் இருந்துகொண்டு நோக்கினால் வேறொரு கதை தெரிகிறது. இரண்டாவது கதையே நமக்கு உரியது.

கடைகளில் அம்பிளிபயர் என்றும் பாடநூல்களில் விரியலாக்கி என்றும் வழங்கும் உறுப்பு செய்யும் வேலையை, குளங்களுக்குப் பேர்போன இப்பிரதேசத்து நேயர்களுக்கு விளக்குவது எளிது. குளத்தின் மதகை ஒரு மனிதன் தன் கைவலியால் சற்றே உயர்த்துகிறான். அடியில் வயலையே நனைக்கும் நீர் பாய்கிறது. பாயும் நீர் அவன் கையிலிருந்து வந்ததன்று, குளத்திலிருந்து வந்தது. அவன் செய்ததெல்லாம் கதவை அசைத்ததுதான். ஏரியலில் வந்து விழும் மிகச் சிறிய மின்னசைவு அந்தக் கை. பற்றரி அந்தக் குளம். ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் மின்னோட்டம் அந்த நீர். கதவு எத்தகையது, அதை எவ்வாறு திறந்து வைப்பது என்ற இரண்டு கேள்விகளே விரியலாக்கியின் வரலாறு முழுவதும்.

முதற் கதவு வால்வு. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரெஸ்ட் மூன்று முனைகளைக் கொண்ட வால்வை அமைத்தார். அதனைக் கொண்டே உலகெங்கும் ஒலிபரப்பு நிலையங்கள் எழுந்தன. இலங்கையில் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையான சேவையைத் தொடங்கியது. ஆனால் வால்வுக்கு ஒரு குணம் உண்டு. அதன் உள்ளிழை சூடேறிச் சிவந்தாலன்றி அது வேலை செய்யாது. பாடகர் பாடினாலும் சரி, வாய்மூடி இருந்தாலும் சரி, அந்தச் சூட்டுக்கு மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் நாட்டின் பெரும்பாலான கிராமங்களுக்கு மின்கம்பி நெடுங்காலம் எட்டவில்லை. அத்தகைய இடங்களில் வால்வு வானொலி வேண்டுமானால் 90 வோல்ற்று உயரழுத்தப் பற்றரி ஒன்றும், இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி ஒன்றும் வாங்கவேண்டும். அல்லது மோட்டார் வண்டிப் பற்றரியைச் சுமந்துபோய் மின்னேற்றி வரவேண்டும். வசதியுள்ளவர் வீட்டில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஊரார் என்ற காட்சிக்கு இதுவே காரணம்.

இரண்டாவது கதவு திரான்சிற்றர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீனும் பிராற்றெயினும் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் அதை முதன்முதலில் இயங்கச் செய்தனர். கொழும்பு வானொலி பிறந்த நாளும் அதுவே என்பது தற்செயல்தான். ஆயினும் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே தேதியில் பிறந்த இவ்விரண்டும் பின்னர் இத்தனை நெருங்கிப் பழகப்போகின்றன என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். அவர்களோடு ஷொக்லியும் சேர்ந்து 1956இல் நோபல் பரிசு பெற்றார். 1954இல் நான்கு திரான்சிற்றர்களைக் கொண்ட ரீஜென்சி என்னும் சட்டைப்பை வானொலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே பின்னாளில் சோனி எனப் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமும் ஒன்றை வெளியிட்டது. சூடேற்ற வேண்டிய இழை இல்லை. 90 வோல்ற்று வேண்டியதில்லை. ரோச் விளக்குக்கு இடும் பற்றரி ஆறு போதும்.

இனி இரண்டாவது கேள்வி: கதவை எவ்வாறு திறந்து வைப்பது? மதகை எந்நேரமும் பாதி திறந்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப மேலும் கீழும் அசைப்பது ஒரு முறை. பொறியியலாளர் இதனை ‘ஏ’ வகுப்பு என்பர். அசைவு சீராக இருக்கும். ஒலியும் தூய்மையாக இருக்கும். குற்றம் என்னவெனில், எவரும் பேசாதபோதும் குளத்து நீர் பாய்ந்தோடிக்கொண்டே இருக்கும். ஒலிபெருக்கியில் கால் வாற்று ஒலி வேண்டுமானால், இம்முறையில் 9 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து குறைந்தது 55 மில்லியம்பியர் மின்னோட்டம் இடைவிடாமல் செலவாகும். மற்ற முறையில், ‘பி’ வகுப்பில், இரண்டு கதவுகள். அலையின் மேற்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏற்கும். வேலையில்லாத கதவு மூடிக்கிடக்கும். ஒலி இல்லாத வேளையில் செலவு மிகச் சொற்பம். பற்றரிக்காகக் கைக்காசை எண்ணிப்பார்க்கும் வீட்டில் எது நுழையும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஓ.சி. 72 என்னும் ஐரோப்பியத் திரான்சிற்றர்கள் இரண்டு, அவற்றின் முன்னும் பின்னும் சிறிய நிலைமாற்றிகள், அரை வாற்றுக்கும் குறைந்த ஒலி: அக்காலத்துக் கிராம வானொலிகள் பலவற்றின் கடைசிக் கட்டம் இத்தகையதே.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு கதவு மூடி மற்றக் கதவு திறக்கும் அந்தக் கணத்தில் சிறியதோர் இடறல் நேர்கிறது. உரத்த ஒலியில் அது தெரியாது. மெல்லிய ஒலியில்தான் தெரியும். குரல் கரகரக்கும், சொல்லின் விளிம்பு தேய்ந்துபோகும். அதனைத் தவிர்க்க இரண்டு கதவுகளையும் மயிரிழையளவு திறந்தே வைப்பார்கள். ஆனால் பற்றரி தேயும்போது அந்த மயிரிழைத் திறப்பும் சுருங்கிவிடும். பற்றரி தேய்ந்த வீட்டில் மக்கள் செய்வது என்ன? மிச்சம் பிடிப்பதற்காக ஒலியைத் தாழ்த்திவைப்பார்கள். எந்த நிலையில் அக்கருவி மிகவும் பலவீனமானதோ அந்த நிலையிலேயே அதைக் கேட்டார்கள். பாடலைக் கேட்பதானால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும்போது ஊரின் பெயரும் ஆளின் பெயரும் தெளிவாகக் கேட்கவேண்டுமே! தூரத்து உறவினரின் இழவுச் செய்தி வானொலி வழியாகவே வந்த காலத்தில், ஓர் எழுத்து மங்கிப்போவது சிறிய விடயமன்று. நுட்ப நூல்களில் வெறும் எண்ணாக நிற்கும் இந்தக் குறையை நான் இங்கு விரித்துச் சொல்வது இதனாலேயே.

இத்துடன் வெயிலும் சேர்ந்துகொண்டது. முதற் காலத்துத் திரான்சிற்றர்கள் பெரும்பாலும் ஜேர்மானியம் என்னும் மூலகத்தால் ஆனவை. ஜேர்மானியம் 938 பாகையில் உருகும். சிலிக்கன் உருக 1414 பாகை வேண்டும். எனவே ஜேர்மானியத்தைத் தூய்மைப்படுத்துவது எளிதாயிருந்தது. ஆனால் மூடிய கதவின் வழியாகவும் அதில் சிறிது மின்னோட்டம் கசியும். அக்கசிவு வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பாகை வெப்பமுள்ள ஐரோப்பியக் கூடத்தில் அமைத்துச் சோதித்த பெட்டியை, 35 பாகையைத் தொடும் வறட்சிக்கால நண்பகலில் வைத்தால் கசிவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். கசிவு கூடினால் திரான்சிற்றர் சூடேறும். சூடேறினால் கசிவு மேலும் கூடும். இவ்வாறு ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு கட்டுக்கடங்காமற் போய்க் கருவி அழிந்துவிடுவதும் உண்டு. ஓ.சி. 72இன் உட்பகுதி 75 பாகைக்கு மேல் தாங்காது. வெயில் விழும் சன்னலோரத்திலோ மூடிய மோட்டார் வண்டியின் முகப்பிலோ வைத்த பெட்டிக்கு அந்த எல்லை வெகுதூரத்தில் இல்லை. இதைத் தடுக்கச் சுற்றுக்குள்ளேயே ஒரு காவலாளியை வைத்தார்கள். வெப்பம் ஏறும்போது தன் தடையைக் குறைத்துக்கொண்டு, கதவின் திறப்பைத் தானாகவே சுருக்கும் தெர்மிஸ்ரர் என்னும் சிறு வில்லைதான் அது. காசுபணம் பெறாத அந்த உறுப்பு வெப்ப நாடுகளில் எத்தனை பெட்டிகளைக் காத்ததோ!

ஜேர்மானியத்தின் இந்தக் குறையை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி நாடக மேடைக்கே ஏற்றது. 1954 மே மாதம், அமெரிக்காவின் டேய்ற்றன் நகரில் பொறியியலாளர் மாநாடு. சிலிக்கன் திரான்சிற்றர் வருவதற்கு இன்னும் ஆண்டுகள் பல ஆகும் என்று பேச்சாளர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டிருந்தனர். கடைசியிற் பேச எழுந்தவர்களுள் ஒருவரான ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் கோர்டன் டீல், தம் சட்டைப்பையிலேயே சில இருக்கின்றன என்றார். பின்னர் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு, அதன் விரியலாக்கியிலிருந்த ஜேர்மானியத் திரான்சிற்றரைக் கொதிக்கும் எண்ணெயில் அமிழ்த்தினார். இசை நின்றது. சிலிக்கன் திரான்சிற்றரை மாற்றிப் பொருத்தி அதையும் எண்ணெயில் அமிழ்த்தினார். இசை தொடர்ந்தது. சபையோர் தொலைபேசியை நாடி ஓடினர் என்று கதை சொல்வார்கள். போர் விமானங்களுக்காக நடந்த மாநாடு அது. ஆனால் அங்கே தீர்ந்த வழக்கு நம் போன்ற நாட்டு வீடுகளுக்கும் உரியதாயிற்று.

சிலிக்கனிற் கசிவு ஜேர்மானியத்தினும் ஆயிரம் மடங்கு குறைவு. 150 பாகையிலும் அது தளராது. 1959இல் ஜோன் ஹோர்னி கண்ட சமதள முறை அதை மலிவாக்கியது. அப்படியிருந்தும் சிறிய வானொலிகளை விட்டு ஜேர்மானியம் உடனே அகலவில்லை. அதன் கதவு 0.2 வோல்ற்று அளவிலேயே திறக்கும், சிலிக்கனுக்கோ 0.6 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். தேய்ந்த பற்றரியிலும் பேசும் குணம் ஜேர்மானியத்துக்கே உரியது. நம் நாட்டில் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து, ஒரு பெட்டியைப் பல்லாண்டுகள் பழுதுபார்த்தே பாவிக்கும் பழக்கத்தை வளர்த்தது.

வீட்டில் அமர்ந்து இசையை நுட்பமாகக் கேட்கும் அன்பர்களின் கதை சற்று வேறானது. 1947இல் பிரித்தானிய இதழான வயர்லெஸ் வேர்ல்டில் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு விரியலாக்கி, 15 வாற்று ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கே பிசகு காட்டியது. அதன் இரகசியம், வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கி உள்வருவதோடு ஒப்பிட்டுத் தவறைத் திருத்தும் மறைப் பின்னூட்டல். 1927இல் ஹரோல்ட் பிளாக் கண்ட தத்துவம் அது. அதன் பின்னர் வந்த முதற் காலத்துப் பெரிய திரான்சிற்றர் கருவிகள், அளவுக் கருவியில் தேறியும் காதில் தோற்றன. இரண்டு கதவுகளுக்கும் ஒத்த சோடி கிடைக்காததும் முன்சொன்ன இடறலுமே இதற்குப் பெருங்காரணம். 1969இல் ஜோன் லின்ஸ்லி ஹூட் அதே இதழில், நான்கே திரான்சிற்றர்களைக் கொண்ட 10 வாற்று ‘ஏ’ வகுப்புக் கருவியை வெளியிட்டார். அழகான, எளிய அமைப்பு. இன்றும் பலர் அதைத் தாமே கட்டிக் கேட்கின்றனர். ஆனால் 27 வோல்ற்றில் 1.2 அம்பியரை அது ஓயாமல் உறிஞ்சும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 65 வாற்று, பாட்டு இல்லாதபோதும் வெப்பமாகவே வெளியேறும். இலண்டனின் குளிர்காலத்தில் அது அறைக்கு இதம். தம்புள்ளையில் மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு அதைக் கேட்பவர், விசிறியின் இரைச்சலில் அந்தத் தூய்மையையே இழந்துவிடுவார். வெப்ப நாட்டு வீட்டுக்கு, சிலிக்கனால் ஆன, மயிரிழைத் திறப்புச் சரியாக அமைந்த ‘பி’ வகுப்பே தக்கது என்பது என் துணிபு. மத்திய அலையில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிதான். அதில் வரும் குரலைக் கேட்பதற்கு, விலையுயர்ந்த விரியலாக்கியைத் தேடுவதினும் நல்ல ஒலிபெருக்கி ஒன்றைத் தேடுவதே மேல்.

இக்காலத்தில் கையடக்கப் பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ‘டி’ வகுப்பு. அதில் மதகு பாதி திறந்து நிற்பதே இல்லை. ஒன்றில் முழுவதும் திறந்திருக்கும், அன்றேல் முழுவதும் மூடியிருக்கும். நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் அளவைக் கூட்டிக்குறைத்தே ஒலியை உருவாக்குகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மின்சாரம் ஒலியாகிறது. வெப்பத்துக்குப் போவது சொற்பம்.

பரணில் பழைய ஜேர்மானியப் பெட்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். பழைய எண்ணுள்ள திரான்சிற்றர் கிடைக்காமையால், பழுதுபார்ப்பவர் சிலிக்கன் ஒன்றைப் பொருத்தித் தர முன்வரலாம். அதில் தவறில்லை. ஆனால் 0.2 வோல்ற்றுக்கு அமைந்த சுற்றில் 0.6 வோல்ற்றுக் கதவை அப்படியே பொருத்தினால், அது உரத்த ஒலிக்கு மட்டுமே திறக்கும். மெல்லிய குரல் சிதைந்துபோகும். திறப்பைத் தீர்மானிக்கும் தடைகளையும் மாற்றும்படி கேளுங்கள். வேலை முடிந்ததும் ஒலியை முற்றாகத் தாழ்த்தி, பாட்டை விட்டுச் செய்தி வாசிப்பு ஒன்றைக் கேட்டுப்பார்த்த பின்னரே கூலியைக் கொடுங்கள்.