லயத்து அடுப்பும் மலையகப் பெண்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாறு பெரும்பாலும் ஏக்கர்க் கணக்காகவும், ஏற்றுமதிக் கணக்காகவும், இரு நாட்டுத் தலைவர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தங்களின் கணக்காகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்கள் நாள்தோறும் உண்ட உணவு எவ்விடத்தில், எவ்விறகில், எவருடைய உடல்நலத்தை விலையாகக் கொடுத்துச் சமைக்கப்பட்டது என்ற வினா வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. ஆயினும் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் லயங்களில் எரியும் அடுப்பின் வரலாறு, வீடும் நாடும் மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் சமூகத்தின் வரலாறேயாகும். லயத்துப் புகைக்குப் பெண்ணின் அறியாமையைக் காரணமாகக் கூறுவோர் உளர். அப்புகை எங்கிருந்து தோன்றியது என்பதை வரலாற்று வழி நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1820களில் கம்பளைப் பகுதியில் ஆரம்பித்த கோப்பிச் செய்கைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலானோர் ஆண்கள். அறுவடைக் காலத்தில் வந்து, முடிந்ததும் ஊர் திரும்பும் வழக்கம் அவர்களிடையே நிலவியது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிராதலின், நிலையாகக் குடியிருக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டப்பட்டது. இவ்வாறு குடும்பம் முழுவதும் தோட்டத்தில் நிலைகொண்டது. ஆயின் குடும்பத்துக்கு ஏற்ற வீடு கட்டப்படவில்லை. பருவகாலத் தொழிலாளரைத் தங்கவைக்க எழுந்த லயமே குடும்பத்தின் நிரந்தர இல்லமாயிற்று.

லயத்தின் அமைப்பு ஈண்டு கவனிக்கத்தக்கது. காம்பிரா என வழங்கும் அறை பொதுவாக 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்டது. ஒன்றோடொன்று முதுகொட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களில் ஒவ்வொரு காம்பிராவுக்கும் வாசல் ஒரு புறத்தில் மட்டுமே உண்டு. பின்சுவர் அடுத்த குடும்பத்தினதாகையால் அதில் யன்னல் வைக்க இயலாது. காற்று குறுக்கே ஓட வழியில்லை. சமையல் ஒன்றில் அறைக்குள்ளே, அன்றேல் இஸ்தோப்பு எனப்படும் முன் தாழ்வாரத்தில் நடைபெற்றது. உறங்குமிடமும், பிள்ளை வளருமிடமும், அடுப்பெரியுமிடமும் ஒன்றேயாயின. அன்றியும், நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த குளிர்ப் பிரதேசம். அங்கு அடுப்பு சமைப்பதற்கு மட்டுமன்று, குளிர் காய்வதற்கும், மழையில் நனைந்த உடையையும் ஈரவிறகையும் உலர்த்துவதற்கும் பயன்படுகிறது. குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினால் புகை உள்ளே தங்கும். கதவைத் திறந்தால் குளிர் உட்புகும். இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலையிலேயே பெண் வைக்கப்பட்டாள்.

வைகறையில் எழுந்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் வைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, கொழுந்துக் கூடையுடன் மலைக்குச் செல்வதே பெண் தொழிலாளியின் நாள். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்னர் விறகுச் சுமையுடன் திரும்புவாள். கவ்வாத்து வெட்டிய காலங்களில் கிடைக்கும் மிலாறு அவளுக்கு முக்கிய எரிபொருள். நிழல் மரங்களின் கிளைகளும் காட்டுச் சுள்ளிகளும் ஏனைய காலங்களில் உதவுவன. இவ்விறகுக்கும் போட்டி உண்டு. கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலைச் சூளைகளுக்கும் விறகு தேவை. 1970களில் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் அத்தேவை மேலும் பெருகிற்று. தோட்டத்தின் மரம் தோட்டத்துக்கே உரியது என்ற நிலையில், தொழிலாளிப் பெண்ணுக்கு எஞ்சியது பெரும்பாலும் ஈரமானதும் மெல்லியதுமான சுள்ளியே. நன்கு உலராத விறகு அதிகப் புகையைத் தரும் என்பது யாவரும் அறிந்ததே.

இப்புகையின் கேட்டினை விஞ்ஞானம் காலந்தாழ்த்தியே அளந்தது. 1981இல் கேர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து குஜராத் கிராமங்களிற் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். 1983இல் வெளிவந்த அம்முடிவுகள், தொழிற்சாலைப் புகையை மட்டுமே மாசென எண்ணியிருந்தோரை அடுப்படியை நோக்கித் திருப்பின. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சிறாரின் நிமோனியா, பெண்களின் நாட்பட்ட சுவாச நோய், கண் நோய் ஆகியன இதனோடு தொடர்புடையன. இவற்றுடன் தீ விபத்தும் சேரும். ஒரே கூரையின் கீழ் நிரையாக அமைந்த லயத்தில் ஒரு காம்பிராவிற் பற்றும் தீ ஏனைய குடும்பங்களின் உடைமைகளையும் அழித்துவிடும்.

இத்துணைக் கேடு தரும் அடுப்பை மாற்ற முடியாமற் போனதேன்? சுவர் அவளுடையதன்று என்பதே விடையாகும். புகைபோக்கி அமைக்கச் சுவரிலோ கூரையிலோ துளையிட வேண்டும். அதற்குத் தோட்ட நிருவாகத்தின் இணக்கம் வேண்டும். குடியிருப்பு தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. தொழில் போயின் காம்பிராவும் போகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. வாக்கில்லாதோரின் கூரையைப் பற்றிப் பாராளுமன்றம் கவலை கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றி, லயத்துச் சுவரின் உரிமை அதனுள் வாழ்ந்தோரை வந்தடையவில்லை.

நாடற்ற நிலை அகதி வாழ்வுக்கும் இட்டுச் சென்றது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா முதலிய வடபுலப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. பின்னர் அவர்களுட் பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களை அடைந்தனர். லயத்தை நீங்கிய பெண்ணை முகாமிலும் ஓர் ஒடுங்கிய அறையும் விறகடுப்புமே வரவேற்றன. சூடானின் டார்பூர் முகாம்களில் விறகு தேடி வெளிச்சென்ற பெண்கள் தாக்கப்பட்ட செய்திகள் 2000களில் உலகை அதிரவைத்தன. அகதிப் பெண்ணின் பாதுகாப்பு அவளது எரிபொருளோடு பிணைந்தது என்பதைச் சர்வதேச நிறுவனங்கள் அதன் பின்னரே அழுத்தமாகப் பேசலாயின. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம் வாழ் இலங்கைத் தமிழருக்கு 7,469 வீடுகளையும், அவற்றுடன் எரிவாயு இணைப்பையும் அறிவித்தமை இவ்வகையில் நோக்கத்தக்கது. வீடும் அடுப்பும் ஒருங்கே வைத்து எண்ணப்பட்டமையே அதன் சிறப்பு.

அடுப்பைத் திருத்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்புப் பற்றி எழுதிய நூல் 1953இலேயே சென்னையில் வெளிவந்தது. இலங்கையில் 1980களில் அறிமுகமான ‘அனகி’ என்னும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு, ஒரே நெருப்பில் இரு பானைகளைச் சூடேற்றி விறகைச் சிக்கனப்படுத்தியது. விறகு குறைந்தால் பெண்ணின் சுமையும் குறையும். ஆதலின் இதனைச் சிறிய பயன் எனத் தள்ளிவிடலாகாது. எனினும் அனகி அடுப்புக்கு இயல்பாகப் புகைபோக்கி இல்லை. காற்றோட்டமற்ற காம்பிராவில் வைக்கப்படின் எஞ்சிய புகை அங்கேயே சுழலும். எனவே அடுப்பின் திருத்தம் அறையின் திருத்தத்தை வேண்டி நிற்கிறது.

பெண்களுக்குப் பயிற்சி அளித்தல் இன்று பெரிதும் பேசப்படுகிறது. விறகை உலர்த்தல், அடுப்பைப் பேணல், பிள்ளையைப் புகையினின்று விலக்கி வைத்தல் ஆகியவற்றைக் கற்பித்தல் நன்றே. ஆயினும் இவற்றுட் பலவற்றை அனுபவத்தால் அறிந்தவளே மலையகப் பெண். அவளுக்கு மறுக்கப்பட்டவை நேரமும் இடமும் முடிவெடுக்கும் உரிமையுமாகும். அவ்வுரிமைகளை வென்றெடுக்கும் ஆற்றலைத் தருவதே மெய்யான பயிற்சியாகும். இதற்கு வரலாற்றிற் சான்றுண்டு. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்த காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் பாடல்களைப் பாடித் தொழிலாளரை விழிப்புறச் செய்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் என்ற நெடுநாட் கோரிக்கை 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் விளைவாகவே நிறைவேறிற்று.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய அரசின் வீடமைப்புத் திட்டமும் சில ஆயிரம் குடும்பங்களை லயத்தினின்று வெளிக்கொணர்ந்துள்ளன. ஆனால் பெருந்தொகையினர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, சில மாதங்களுக்கு முன் 1,500 ரூபாவுக்குக் குறைவாக விற்ற 12.5 கிலோ எரிவாயுக் கொள்கலனின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பை ஒரு கொள்கலனுக்குக் கொடுக்க இயலாதோர் மீண்டும் மிலாற்றையே நாடினர். புகையற்ற அடுப்பை வாங்குதல் மட்டும் போதாது, அதனைத் தொடர்ந்து எரிக்கத்தக்க வருவாயும் வேண்டும் என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

இதுகாறும் கூறியவற்றால், லயத்துப் புகை நிலமின்மை, குறைந்த கூலி, உரிமையின்மை ஆகிய மூன்றினதும் கூட்டு விளைவு என்பது பெறப்படும். ஆதலின் மலையகத்தில் அமைக்கப்படும் ஒவ்வொரு புதிய வீட்டிலும் காற்றோட்டமுள்ள தனிச் சமையலறை இடம்பெறல் வேண்டும். வீட்டின் உறுதி பெண்ணின் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். அடுப்பு, விறகு, நீர் என்பன பற்றித் தோட்டத்தில் முடிவெடுக்கும் குழுக்களில் பெண்கள் பாதியிடம் பெறல் வேண்டும். நாட்டின் அந்நியச் செலாவணிக்காகக் கொழுந்து பறித்த கைகளுக்குத் தமது கூரையில் ஒரு புகைபோக்கி வைக்கும் உரிமையேனும் இத்தலைமுறையில் வாய்க்கச் செய்தல், பல்கலைக்கழகக் கல்வி பெறும் தமிழ் மாணவர் சமூகத்தின் கடனுமாகும்.