பீப்ஸ்: காட்டன்ஹாம் குடியானவர்களின் பெயர்

இங்கிலாந்தின் அரிய குடும்பப் பெயர்களில் ஒன்று பீப்ஸ். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘பெப்பிஸ்’ என்றுதான் வரும். அதுவும் தவறில்லை, குடும்பத்தின் ஒரு கிளை அப்படியே சொல்லி வந்திருக்கிறது.

பெயரின் வேர் பிரான்சில் இருக்கிறது. 751-இல் பிராங்கியரின் அரசனானவன் பெப்பின். பழைய பிரெஞ்சு மொழியில் அப்பெயர் எழுவாயாக நிற்கும்போது ‘பெப்பிஸ்’ ஆகும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு இரு வடிவங்களும் அங்கே வேரூன்றின.

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே உள்ள காட்டன்ஹாம் கிராமத்தில், குரோலாந்து மடத்துக்குச் சொந்தமான நிலங்களை நம்பி வாழ்ந்தவர்கள் பீப்ஸ் குடும்பத்தார். பிற்காலத்தில் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இவர்களிடையே தோன்றினர். ரிச்சர்ட் பீப்ஸ் 1655-இல் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானார். இன்னொரு கிளையில் வந்த ஜான், லண்டனில் தையற்காரர். அவருடைய மகன்தான் நாட்குறிப்பால் உலகப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் (1633–1703).

தன் குலத்தின் எளிமை சாமுவேலை உறுத்திக்கொண்டே இருந்தது. 1662 பிப்ரவரியில், செயின்ட் பால் தேவாலய வளாகத்துப் புத்தகக் கடையில், இங்கிலாந்தின் பெருமக்களைப் பற்றித் தாமஸ் ஃபுல்லர் எழுதிய நூலை முதன்முதலாகக் கண்டார். நேரம் போவது தெரியாமல் மதியம் இரண்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்து புரட்டினார். கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியிலும் இல்லை, நார்ஃபோக் பகுதியிலும் இல்லை. தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் ஃபுல்லர் அதுபற்றி அவரிடம் நேரில் பேசியிருந்தார். நம் குடும்பம் ஒருநாளும் பெரிய குடும்பமாக இருந்ததில்லை என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினார். மனம் நொந்தபோதும் உண்மையை மறைக்காத அந்தப் பண்பே அவர் நாட்குறிப்பின் உயிர். அதே மனிதர் பின்னாளில் ராயல் சொசைட்டியின் தலைவரானார். நியூட்டனின் ‘பிரின்சிபியா’ முகப்புப் பக்கத்தில், அச்சுக்கு அனுமதி அளித்தவர் என்று பீப்ஸ் பெயர் பதிந்திருக்கிறது.

சாமுவேலுக்குப் பிள்ளை இல்லை. தம்பிகள் டாமும் ஜானும் மணமாகாமலே இறந்தனர். எனவே 1703-இல் அந்தத் தையற்காரரின் ஆண்வழி அற்றுப்போனது. சொத்து தங்கை பவுலினாவின் மகன் ஜான் ஜாக்சனுக்குச் சேர்ந்தது. பெயரைக் காத்தவர்கள் பங்காளிகள். அவ்வழியில் வந்த சார்லஸ் பீப்ஸ் 1836-இல் பிரிட்டனின் லார்ட் சான்சலராகி, பிரபுப் பட்டத்துக்கு முன்னோர் வாழ்ந்த காட்டன்ஹாமின் பெயரையே தேர்ந்தெடுத்தார். 1850-இல் அது ‘ஏர்ல்’ பட்டமாக உயர்ந்து, அவர் வாரிசுகளிடம் தொடர்ந்தது.