ஆற்றோர வீடும் அலமாரிக் கிண்ணமும்: பட்டர்வொர்த்தில் கொசு ஒழிப்பின் கதை



பிறை ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழைய வரிசை வீடு ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மழைக்காலத்தில் கடல் ஏற்றம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கால்வாயில் நீர் வடியாது தேங்கி நிற்கும். அந்தி சாய்ந்ததும் கொசுக்கள் படையெடுக்கும். "இந்த ஆறு இருக்கும்வரை நமக்கு விடிவில்லை" என்பது எங்கள் தெருவில் அனைவரும் ஒருமித்துச் சொல்லும் வாசகம். நானும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் இந்நம்பிக்கையை ஆராய வேண்டிய தேவை எழுந்தது. அவன் வீடும் எங்கள் தெருவிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சோதனையிட வந்தார்கள். ஆற்றங்கரையை அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எங்கள் சமையலறைக்குள் நுழைந்து, என் மாமியார் காலத்து உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் இருந்த நான்கு நீர்க் கிண்ணங்களில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார்கள். இரண்டில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. எறும்பு ஏறாமல் இருக்க நாங்கள் வைத்த நீர், கொசுவுக்குத் தொட்டிலாகி இருந்தது! மாணவர்களுக்குத் தூய்மை பற்றிக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் எனக்கு அன்று ஏற்பட்ட நாணம் சொல்லி மாளாது.

அந்த நாணமே என்னை இவ்வட்டாரக் கொசுவின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

சதுப்பு நிலத்தில் பிறந்த ஊர்

1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட், 1794இல் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள நம் நிலப்பகுதி 1800இல் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறி, வெல்லெஸ்லி மாநிலம் எனப் பெயர் பெற்றது. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரே நம் ஊருக்கு வாய்த்தது. எனினும் மூத்தோர் வாயில் இது இன்றும் 'பாகான்' தான்.

பிறை ஆறும் அலையாத்திக் காடும் சேற்று நிலமும் நிறைந்த இக்கரையோரத்தில்தான் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அம்முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. காய்ச்சல் மட்டும் போகவில்லை. 1911ஆம் ஆண்டளவில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டில் இறந்தனர். ஒரு லயத்தில் நூறு பேர் இருந்தால் ஆண்டுக்கு ஆறு பிணம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவற்றுள் பெரும்பங்கு மலேரியாவின் கணக்கில் சேர்ந்தது.

அக்காலத்தில் இதனைச் சதுப்பு நிலத்தின் தீய காற்றால் வரும் நோய் என்றே எண்ணினர். 'மலேரியா' என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். இந்த மயக்கத்தைத் தீர்த்தவர் ரொனால்ட் ரோஸ். அவர் 1897இல் நீலகிரியின் சீகூர் மலைச்சரிவில் ஆய்வுக்குச் சென்று தாமே மலேரியாவுக்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார்.

கிள்ளானில் ஒரு மருத்துவர்

கண்டுபிடிப்பு ஒன்று, அதைக் கொண்டு உயிரைக் காப்பது வேறொன்று. இரண்டாவது பணியை நம் மண்ணில் செய்துகாட்டியவர் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். அவர் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் நிலை வந்தது.

வாட்சன் மருந்துப் புட்டியை மட்டும் நம்பவில்லை. நகரைச் சூழ்ந்திருந்த காட்டை வெட்டச் செய்தார். சதுப்பில் வடிகால் அமைக்கச் செய்தார். 1901இல் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டில் அத்தொகை 59ஆகக் குறைந்தது. 1905இல் 45ஆக இருந்தது. உலகில் கொசு ஒழிப்பால் ஒரு நகரம் காப்பாற்றப்பட்டதற்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகும்.

ஆனால் வரலாறு இங்கே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கடலோரத்தில் வெற்றி தந்த அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது, காய்ச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. காரணத்தை வாட்சன் கண்டுணர்ந்தார். கடலோரக் காட்டுச் சதுப்பில் வாழும் அனோபிலிஸ் வகைக் கொசு நிழலை விரும்புவது. மரத்தை வெட்டி நீரை வடித்தால் அது அழியும். மலையோடைகளில் வாழும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் வகையோ வெயில்படும் தெளிந்த நீரை விரும்புவது; மரத்தை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே அங்கே நிலத்தடிக் குழாய்களில் ஓடையை மறைக்கவும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. அந்த எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்து ஓடை ஓடையாக நடந்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

நம் பிறைக் கரையைப் போன்ற இடங்களுக்கு மூன்றாவது வகையும் உண்டு. அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்னும் அக்கொசு, உப்பும் நன்னீரும் கலந்து வெயிலில் தேங்கும் குட்டைகளில் பெருகும். கடலோர அணையும் மதகும் செம்மையாக இருந்தால் அதற்கு இடமில்லை. அணை ஒழுகி, மதகு பழுதாகி, உவர்நீர் உள்ளே தேங்கினால் அதற்கு வாழ்வு. கரையோர மக்களுக்கு மதகு என்பது பயிரைக் காப்பது மட்டுமன்று. உயிரைக் காப்பதும் ஆகும்.

எந்தக் கொசு, எந்த நீர் என்று முதலில் அறிந்துகொள்; பிறகு கை வை. வாட்சன் விட்டுச்சென்ற பாடம் இதுதான். நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுவதும் இக்கருத்தே அன்றோ!

நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்த இம்முயற்சி வீண் போகவில்லை. 1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் மலேரியாவே இன்று எஞ்சியிருக்கிறது.

பினாங்கும் டிங்கியும்

மலேரியா பின்வாங்கிய இடத்தில் டிங்கி வந்து அமர்ந்தது. இதன் வரலாற்றில் பினாங்கின் பெயர் இரண்டு முறை முதலிடத்தில் வருகிறது. மலாயாவில் டிங்கி பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு, ஸ்கே என்னும் மருத்துவர் 1902இல் பினாங்கிலிருந்து எழுதியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1962இல், உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு டிங்கி இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் பினாங்கில்தான். 1973இல் நாடு தழுவிய பெரும் பரவல் ஏற்பட்டது. அதன்பின் 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டில் கொசுப்புழு இருந்தால் தண்டம் விதிக்கும் அதிகாரம் அச்சட்டத்திலிருந்து வந்ததே. 2015இல் நாடெங்கும் டிங்கியால் இறந்தவர்கள் 336 பேர். 2019இல் நோய் கண்டவர்கள் 1,30,101 பேர். இறந்தவர்கள் 182 பேர்.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களின் நீர்க்கலங்களில் பயணம் செய்து உலகத் துறைமுகங்களில் இறங்கியது. அதற்குச் சதுப்பும் வேண்டாம், ஆறும் வேண்டாம். மனிதன் வீட்டில் சேர்த்து வைக்கும் ஓரளவு தெளிந்த நீரே போதும். குளியலறைச் சிமெண்டுத் தொட்டி, தண்ணீர்ச் சாடி, பூச்சட்டியின் அடித்தட்டு, அலமாரிக் கிண்ணம் ஆகியவையே அதன் தாய்வீடு. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றித் திரியும். காலையிலும் மாலையிலும் கடிக்கும். அதன் உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ் தோட்டத்துப் பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளரும்.

அப்படியானால் அந்தியில் எங்கள் கால்வாயிலிருந்து எழும் கொசு எது? அது அழுக்கு நீரில் வளரும் கியூலெக்ஸ் வகை. தூக்கத்தைக் கெடுக்கும், டிங்கியைத் தராது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றைப் பழித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மாணவனைப் படுக்கையில் தள்ளிய கொசு எங்கள் அடுப்படியில் பிறந்திருக்கவும் கூடும். இதை எழுதும்போதும் என் நெஞ்சு உறுத்துகிறது. கால்வாயைத் தூய்மை செய்ய வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஒரு கொசுவுக்குச் சொன்ன வழி மற்றொன்றுக்குப் பயன்படாது என்பதே கருத்து.

புகை போனபின்

தெருவில் புகைமருந்து அடித்தவுடன் நாம் நிம்மதி அடைகிறோம். அப்புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். கிண்ணத்து நீரில் இருக்கும் புழுவை அது தொடாது. முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே அடுத்த வாரமே புதிய தலைமுறை பறக்கும். மேலும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கலத்தின் உட்சுவரில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்ட முடியாத தொட்டியில் அபேட் மருந்து இடலாம்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பழுதுபார்ப்புக்காகப் பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாள் வரை குழாய் நீர் தடைப்பட்டது நினைவிருக்கும். அப்போது நாம் வாளி, அண்டா, தோம்பு என அனைத்தையும் நிரப்பி வைத்தோம். தடை நீங்கிய பிறகு அவற்றில் எத்தனை கலங்கள் கொல்லைப்புறத்தில் மூடியின்றிக் கிடந்தன என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலிக்கும் கறையானுக்கும் இதே நெறி பொருந்தும். வெள்ளம் வடிந்த வீட்டில் எலியின் சிறுநீர் கலந்த நீர்வழி பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், 2010 இறுதியில் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாயிற்று. அங்கே நஞ்சு வைப்பதற்கு முன் குப்பையை மூடுவதும், சுவர் ஓட்டையை அடைப்பதும், கால்வாயில் வெறுங்காலுடன் இறங்காதிருப்பதும் முதற்கடமை. கறையானுக்காக ஒரு காலத்தில் வீட்டு மண்ணில் ஊற்றப்பட்ட குளோர்டேன் நஞ்சு, மண்ணில் நீண்ட காலம் தங்கித் தீங்கு செய்வதால் 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த இரை முறையில், வேலைக்காரக் கறையான் தானே மருந்தைப் புற்றுக்குச் சுமந்து சென்று தன் இனத்துக்கு ஊட்டிவிடுகிறது. பூச்சியின் வாழ்க்கையை அறிந்தவனுக்குக் கொஞ்சம் மருந்து போதும். அறியாதவனுக்கு ஒரு பீப்பாய் நஞ்சும் போதாது.

நிறைவாக

அந்த மாணவன் நலம்பெற்று வகுப்புக்குத் திரும்பினான். எங்கள் அலமாரிக் கிண்ணங்களில் இப்போது நீருக்குப் பதில் உப்பு இருக்கிறது. உப்பில் கொசு முட்டையிடுவதில்லை. எறும்பும் எளிதில் ஏறுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் நீர் தேங்கிய கலங்களை எண்ணி, கவிழ்த்தோ தேய்த்தோ, பட்டியலிட்டு வர வேண்டும். முதல் வாரத்தில் ஒரு சிறுமி பதினேழு கலங்களை எழுதி வந்தாள். மூன்றாம் வாரம் இரண்டே எஞ்சின.

சதுப்பில் மாண்ட நம் முன்னோருக்குக் கொசுவே எமன் என்று சொல்லித் தர எவரும் இல்லை. நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் இருந்தால், குற்றம் ஆற்றின் மீதன்று.

இதைப் படித்து முடித்தவுடன் எழுந்து சென்று உங்கள் வீட்டுக் குளியலறைத் தொட்டியை ஒருமுறை பாருங்கள்.