வாய்தா முதல் பைசல் வரை

மனிதனுக்கு உரிமை இன்னது என்று வரையறுப்பது ஒரு சட்டம். அவ்வுரிமையை அடைவதற்கு வழி இன்னது என்று காட்டுவது மற்றொரு சட்டம். முன்னதைக் கற்க முந்துவோர் பலர். பின்னதைக் கற்கச் சலிப்போர் அவரினும் பலர்.

செங்கற்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர், முன்னாளில் நம்மிடம் தமிழ் கற்றவர், சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். படாளத்திலிருந்து நாள்தோறும் இரயிலேறிப் பாலாற்றைக் கடந்து கல்லூரிக்குச் செல்பவர். "ஐயா, மற்றப் பாடங்களிலெல்லாம் மனம் ஒன்றுகிறது. இந்த உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் ஒன்றுதான் மணலைச் சோறென்று மெல்வதுபோல் இருக்கிறது. நூற்று ஐம்பத்தெட்டுப் பிரிவுகள், ஐம்பத்தொரு கட்டளைகள்! இதில் நீதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அவருக்கு விடையாக நாம் முதலில் சொன்னது வரலாறன்று. நம் வீட்டுக் கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் நம் தந்தையாருக்குச் சொந்தமாக முக்கால் ஏக்கர் நஞ்சை இருந்தது. அதன்மேல் ஒருவர் தாவா தொடுத்தார். தந்தையார் வெளியூரில் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்த காலம் அது. அழைப்பாணை பூட்டிய கதவில் ஒட்டப்பட்டது, மழையில் நனைந்தது, எவரும் படிக்கவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாயிற்று. அமீனா வந்து வயலின் எல்லையில் நின்றபோதுதான் வழக்கு ஒன்று நடந்ததே தந்தையாருக்குத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் மனுச் செய்திருந்தால் அத்தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கோரியிருக்கலாம். அவரோ, உறவினர் வழியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். முப்பது நாட்கள் கடந்தன. கடந்த பின்னரும் தாமதத்தைப் பொறுக்குமாறு வேண்ட வழியுண்டு என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நிலம் போயிற்று. நியாயம் யார் பக்கம் இருந்தது என்பதை எந்த நீதிபதியும் இருதரப்பும் கேட்டு ஆராயவே இல்லை. ஒன்பதாம் கட்டளையின் பதின்மூன்றாம் விதி அறிந்தவர் ஒருவர் அன்று நம் தெருவில் இருந்திருந்தால் அவ்வயல் இருந்திருக்கும். "நீ மணல் என்று சொல்வது அந்த விதியைத்தான் மகளே" என்றோம். அவர் மௌனமானார்.

அதன் பின்னரே வரலாற்றுக்கு வந்தோம்.

நம் ஊருக்கு மேற்கே இருக்கிறது உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளிருப்பது அறியாத சிறுவனாக இருத்தல் வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். பின் எல்லோரும் கேட்கப் படித்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு ஆகார். விரல்களை விரிக்கச் சொன்னது ஏன்? நல்லவர் தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டும் போதாது, கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கவில்லை என்பதை ஊரார் கண்ணால் காணவும் வேண்டும் என்பதற்காகவே அன்றோ! நடைமுறை என்பதன் உயிர் இதுவே.

உரிமை வழக்கு ஒன்றின் நடைமுறையைத் தமிழில் முழுமையாகக் காண விரும்புவோர் பெரியபுராணத்துக்குச் செல்லலாம். தொண்டை மண்டலத்துக் குன்றத்தூரில் பிறந்து சோழப் பேரரசில் அமைச்சராக இருந்த சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதை இயற்றினார். சுந்தரரின் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் தோன்றி, இவர் தமக்கு அடிமை என்கிறார். வழக்கைத் திருவெண்ணெய்நல்லூரில் பேசுமாறு சொல்பவர் எதிர்வழக்காடியே. ஆகவே இடத்தைப் பற்றித் தகராறில்லை. அவையத்தார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளில் ஒன்றைக் காட்டுக என்கின்றனர். படியோலை முன்னரே கிழிக்கப்பட்டுவிட்டது. மூல ஓலை அவையில் வைக்கப்படுகிறது. அதிலுள்ள எழுத்து சுந்தரரின் பாட்டனார் எழுத்துத்தானா என்று அவர் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்பு. அசலும் நகலும், கையெழுத்து ஒப்புநோக்கும், அனுபவ பாத்தியதையும் ஆகிய இவையனைத்தும் இன்றும் நீதிமன்றங்களில் அன்றாடம் பேசப்படுபவை. பக்தி நூலாகிய அதனுள் சோழநாட்டு வழக்காடு முறையின் சித்திரம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

அசல், நகல் என்றோம். இவை அரபுச் சொற்கள். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் 'ஹிதாயா'வில் 'கிதாபுத் தஅவா' என்னும் பகுதியை எழுத்தெண்ணிப் படித்தோம். பின்னாளில் ஒரு நாள் நீதிமன்ற வராந்தாவில் நின்றபோது அப்பாடமே தமிழ் உடுத்து நடமாடுவதைக் கண்டு வியந்தோம். தஅவா என்பதே தாவா. வகீல் வக்கீலானார், அவர் பெறும் வகாலத் வக்காலத்தாயிற்று. ஹாஜிர் ஆஜராகவும், தாகில் தாக்கலாகவும், ளப்த் ஜப்தியாகவும், ரத்து ரத்தாகவும் வந்தன. 'வஅதா' எனும் வாக்குறுதி வாய்தாவாயிற்று. நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளுடைய அமீன், கிராமத்தார் அஞ்சும் அமீனாவானார். முன்சீப் என்பதற்கோ நீதி செய்பவர் என்பது பொருள். அதன் வேர்ச்சொல்லாகிய நிஸ்ஃப் பாதியைக் குறிக்கும். இரு தரப்புக்கும் சரிபாதி செவி கொடுப்பவரே முன்சீப். இறுதியில் வழக்கை வெட்டித் தீர்க்கும் பைசலும் அரபே.

இச்சொற்கள் நவாபுகளின் ஆட்சியில் வேரூன்றின. செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1763இல் கும்பெனியாருக்கு ஜாகிராக அளித்தார். ஆட்சி கைமாறிற்று, சொற்கள் மாறவில்லை. 1802இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா அதாலத்துகள் ஏற்பட்டபோது, ஆங்கில நீதிபதிக்கு அருகில் மவுலவியும் பண்டிதரும் அமர்ந்து அவரவர் சமயச் சட்டத்தை எடுத்துரைத்தனர். 1816இல் தாமஸ் மன்றோவின் சீர்திருத்தங்களால் இந்நாட்டவரே முன்சீப்புகளாக அமர்ந்து சிறு வழக்குகளைத் தீர்க்கலாயினர். அவ்வழியில் வந்தவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' எனத் தந்து, சட்டம் ஆங்கிலம் அறிந்தவரின் தனியுடைமையாகாமல் காத்தவர்.

எனினும் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் ஒவ்வொரு முறை என்ற குழப்பம் நீடித்தது. 1859இல் பிறந்த எட்டாவது சட்டமே அதைச் சீர்ப்படுத்திய முதல் தொகுப்பு. 1877, 1882 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி எழுதப்பட்டது. இன்றுள்ள 1908ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் 1909 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அடிப்படைகளைப் பிரிவுகளிலும், நுணுக்கமான விதிகளைக் கட்டளைகளிலும் பிரித்து வைத்து, விதிகளை உயர்நீதிமன்றங்களே திருத்தலாம் என்று இடமளித்ததே அதன் சிறப்பு. 1976, 1999, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களையும் ஏற்று அது நிற்கிறது. 2024 ஜூலை முதல் நாளில் குற்றவியல் சட்டங்களும் சாட்சியச் சட்டமும் புதியவற்றுக்கு இடம் விட்டகன்றன. இம்மூத்த சட்டமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இடையில் நம்மவர் இழந்தது ஒன்றுண்டு. 1864ஆம் ஆண்டின் பதினோராவது சட்டத்தால் நீதிமன்ற மவுலவிகளின் பதவியும் காஜிகளின் அரசுப் பதவியும் ஒழிந்தன. 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. முதற்கண் சென்னை மாகாணத்துக்கே அது செல்லுபடியாயிற்று. ஆனால் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் இச்சட்டம் அளிப்பதாகக் கொள்ளலாகாது என்று அதிலேயே எழுதப்பட்டது. அன்றுமுதல் நீதிமன்றக் கல்வியும் மதரஸாக் கல்வியும் வெவ்வேறு தெருக்களில் குடியேறின. 'ஹிதாயா'வை ஓதியவர் நீதிமன்றப் படியேறவில்லை; நீதிமன்றம் சென்றவர் 'ஹிதாயா'வைத் திறக்கவில்லை.

பிளவுபட்ட அவ்விரு தெருக்களையும் இணைத்து நடந்தவர் ஸர் செய்யித் அஹ்மது கானின் புதல்வர் செய்யித் மஹ்மூத். அலாஹாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த அவர், ஒரு வழக்கில் உரைத்த கருத்து இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓதப்படுகிறது. தொகுப்பில் வெளிப்படையாகச் சொல்லப்படாத முறை எல்லாம் தடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் கருதலாகாது. தடுக்கப்பட்டதெனக் காட்டப்படும் வரை அது அனுமதிக்கப்பட்டதே என்பது அதன் சாரம். பொருள்களின் அடிப்படை ஆகுமானது என்னும் ஃபிக்ஹு விதியைப் பயின்றவர்க்கு இக்கருத்து பழகிய முகமாகத் தோன்றும். அவர் எங்கிருந்து அதை எடுத்தார் என்று நாம் சாதிக்க வரவில்லை. நடைமுறை என்பது நீதியின் காலில் இட்ட விலங்கன்று, அதன் கைக்கோல் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதே நாம் சொல்ல வருவது.

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்குக் கலீஃபா உமர் (ரலி) எழுதியதாக வழிவழி வரும் மடலை மாணவிக்குப் படித்துக் காட்டினோம். பார்வையிலும் அவையிலும் இருவரையும் சமமாக நடத்துக என்கிறது அம்மடல். வாதிப்பவர் மீது சான்று, மறுப்பவர் மீது சத்தியம் என்கிறது. கையில் இல்லாத சான்றைக் கொணர்வேன் என்பவருக்குத் தவணை கொடு, ஆனால் அதற்கோர் எல்லை வை என்கிறது. இன்று பதினேழாம் கட்டளை, ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டுகிறது. சமாதானம் ஆகுமானது என்கிறது மடல். நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் காண வழிசெய்கிறது எண்பத்தொன்பதாம் பிரிவு. ஒரு முறை தீர்த்த வழக்கை மீண்டும் கிளறலாகாது என்பது பதினோராம் பிரிவு. பாகப்பிரிவினை ஒன்றில் உமர் (ரலி) அவர்கள் முன்பு ஒருவாறும் பின்பு வேறுவாறும் தீர்ப்புரைத்தபோது, அது அன்று தீர்த்தபடி, இது இன்று தீர்ப்பபடி என்று சொல்லிப் பழைய தீர்ப்பைக் கலைக்காமல் விட்ட செய்தியும் நூல்களில் உண்டு.

மாணவி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு தலைநிமிர்ந்து, "வாதி என்பவர் யார் என்று 'ஹிதாயா' சொல்கிறது ஐயா?" என்றார். வழக்கைக் கைவிட்டால் எவராலும் வற்புறுத்தப்படாதவர் வாதி. வற்புறுத்தப்படுபவர் பிரதிவாதி என்று விடையளித்தோம். சற்று எண்ணியிருந்துவிட்டு, "அப்படியானால் உங்கள் தந்தையார் வற்புறுத்தப்பட்டவர், ஆனால் அழைக்கப்படாதவர்" என்றார் அவர். நாற்பது ஆண்டுகளாக நாம் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கதவில் ஒட்டிய தாளைப் படித்துச் சொல்ல ஒருவர் இல்லாத தெருவில் எத்துணை நல்ல சட்டமும் ஊமையே. நம் பிள்ளைகளில் ஊருக்கு ஒருவரேனும் இச்சலிப்பூட்டும் பாடத்தைச் சலியாது கற்பாராக. அவர் காப்பது வாதியை மட்டுமன்று. அழைக்கப்படாமலே தோற்பவரையும் ஆகும்.