மறு அறிவித்தல் வரை

இம்மலருக்காகக் கல்லூரியின் ஏடுகளைத் தேடி எடுத்தபோது, மிகப் பழைய ஆண்டுகளை எழுதுவது எமக்கு அத்தனை கடினமாக இருக்கவில்லை. இடப்பெயர்வுகளுக்குத் தப்பிய அதிபர் அறிக்கைகள் இருந்தன. மூத்த அக்காமார் வீட்டு அலுமாரிகளில் பத்திரப்படுத்திய பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்களும் இருந்தன. சிரமம் தந்தவை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளே. அவை எல்லோருக்கும் நேற்று நடந்தவை போல நினைவிருக்கின்றன. ஆனால் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அவற்றுக்குரிய பக்கங்கள் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் நடந்தால்தானே சம்பவம் எழுதலாம்! இருக்கும் பதிவுகளிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே தொடர்தான்: "மறு அறிவித்தல் வரை மூடப்பட்டது."

அந்த மறு அறிவித்தல் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், யாருக்கு வந்து சேரவில்லை என்பதெல்லாம் கடதாசியில் இல்லை, கைத்தொலைபேசிகளில் இருந்தன. அவற்றிலும் பாதி, தொலைபேசி மாற்றியபோதும் உடைந்தபோதும் போய்விட்டன. எஞ்சியிருந்த செய்திகளையும் ஆசிரியைகள், பெற்றோர், பழைய மாணவிகள் சொன்னவற்றையும் சேர்த்து இதனை எழுதி வைக்கிறோம்.

பள்ளிக்கூடம் மூடப்படுவது எமக்குப் புதிதல்ல. 1987இல் மூடியிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது கல்லூரியும் கூடவே நடந்தது. மரநிழல்களிலும், வேறு பள்ளிக்கூடங்கள் தந்த பின்னேர நேரத்திலும் எங்கள் வகுப்புகள் நடந்தன. அன்று எத்தனை இல்லாமை இருந்தாலும் பத்துப் பிள்ளைகளும் ஒரு ரீச்சரும் ஓரிடத்தில் கூடினால் பள்ளிக்கூடம் நடந்துவிடும். 2020இல் கூடுவதுதான் தடை செய்யப்பட்டது. போர்க்காலத்தில் பழகிய உபாயங்கள் ஒன்றும் இதற்கு உதவவில்லை.

2020 மார்ச் 13ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு வந்தது. சில நாட்களில் யாழ்ப்பாணத்திலும் முதல் நோயாளி அடையாளம் காணப்பட, கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகியவற்றோடு யாழ்ப்பாணமும் இடர் கூடிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஏப்ரலில் யாழ். போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கியது. அதுவரை பரிசோதனை முடிவுக்கு வெளி மாவட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல். எங்கள் பழைய மாணவிகள் வைத்தியர்களாகவும் தாதியராகவும் அந்த வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அறிவித்தல் வந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். கொழும்பில் முடிவாகும், இரவுச் செய்தியில் ஒரு வரி வரும், சுற்றறிக்கை பிறகு வரும். அது வலயக் கல்விப் பணிமனைக்கு வந்து, அதிபருக்கு வந்து, வகுப்பாசிரியை வழியாக வட்ஸ்அப் குழுவில் விழும். இடையில் முகநூலில் ஒரு போலிக் கடிதம், இலச்சினையும் கையொப்பமுமாக, எல்லாவற்றுக்கும் முந்தி ஓடிவிடும். சில அறிவித்தல்களின் சிங்கள வடிவம் முதலில் கிடைக்கும். தமிழ் வடிவம் பிந்தி வரும். அந்த இடைவெளியை நிரப்பியது எமது கொழும்புக் கிளை. அங்கிருந்த அங்கத்தவர் மூவர் முறைவைத்து, வந்ததை வாசித்து, நாலு வரியில் தமிழாக்கி அதிபருக்கு அனுப்பினார்கள். அதிபர் பார்த்துச் சரி என்ற பிறகே அது குழுக்களுக்குப் போகும். அதன் தலைப்பில் "அதிபர் அறிந்தது" என்று போடுவது வழக்கமாயிற்று. அந்த இரண்டு சொல் இல்லாத செய்தியை நம்பவேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லியிருந்தோம்.

வட்ஸ்அப் இல்லாத வீடுகள் எத்தனை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கரையோரக் கிராமங்களிலிருந்தும் தோட்டக்காணிப் பக்கமிருந்தும் வரும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் ஒரு தொலைபேசிதான். அதுவும் காலையில் தகப்பனோடு தொழிலுக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இருந்தால் மூன்று வகுப்புக்கும் அதே ஒன்றுதான். தொலைக்காட்சிப் பாடங்களும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் இருந்தன. றீலோட் பண்ணக் காசு இருந்தவர்களுக்கு அவை பயன்பட்டன. மற்றவர்களுக்கு ஆசிரியைகள் பயிற்சித் தாள்களை ஒற்றைப்படுத்தி, ஊர்க் கடை ஒன்றிலோ சனசமூக நிலையத்திலோ வைத்தார்கள். தாய்மார் சாமான் வாங்க வரும்போது எடுத்துப்போவார்கள். போன கிழமைத் தாளைத் திருத்தத் தருவார்கள். அந்தத் தாள்களின் ஓரத்தில் பாடத்தோடு தொடர்பில்லாத கேள்வி ஒன்று எழுதியிருக்கும்: "ரீச்சர், பள்ளிக்கூடம் எப்ப துறக்கும்?"

2020 ஜூலை 6ஆம் திகதி தரம் 5, 11, 13 மாணவிகளுக்குத் திறந்தது. ஒரு கிழமைதான். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் தொற்றுப் பரவியதும் திரும்ப மூடினார்கள். 27ஆம் திகதி மேல்வகுப்புகளுக்கு மறுபடி திறந்து, ஓகஸ்டில் மற்ற வகுப்புகளும் படிப்படியாக வந்தன. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடைக் கொத்தணி. மறுபடியும் மூடல். ஆனாலும் ஒக்டோபர் 11இல் புலமைப்பரிசில் பரீட்சையும் 12இல் உயர்தரப் பரீட்சையும் தள்ளிப்போடாமல் தொடங்கின. அது சரியா பிழையா என்று சங்கத்துக்குள்ளேயே வாதம் இருந்தது. பரீட்சையைத் தள்ளியிருந்தால் எவ்வளவு காலம் தள்ளவேண்டி வந்திருக்கும் என்பதைப் பிறகு கண்டவர்கள் என்ற முறையில், நடத்தியது சரி என்றே இன்று நினைக்கிறோம்.

நவம்பர் 23இல் தரம் 6 முதல் 13 வரை திறந்தது. டிசெம்பர் நடுப்பகுதியில் மருதனார்மடம் சந்தையில் தொற்றுக் கண்டுபிடிக்கப்பட்டது. உடுவில் பிரிவு முடக்கப்பட்டது. வலிகாமம் வலயப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை கொரோனா கொழும்புச் செய்தியாகவே இருந்தது. இப்போது கத்தரிக்காய் வாங்கிய சந்தைக்கு வந்துவிட்டது. பயத்தில் மக்கள் எதையும் நம்பினார்கள். அதே டிசெம்பரில்தான் கேகாலையில் ஒரு பாணி மருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் குழுக்களிலும் அந்தப் பாணியின் படம் வந்தது; வேப்பிலை, கொத்தமல்லி வைத்தியங்களும் வந்தன. கொத்தமல்லித் தண்ணி நல்லதுதான், நாங்களும் குடித்தோம். ஆனால் அது தடுப்பூசி அல்ல.

தடுப்பூசி 2021 ஜனவரி 29ஆம் திகதி இலங்கையில் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கொவிஷீல்ட் வந்திறங்கியிருந்தது. முன்னணி சுகாதாரப் பணியாளர்களே முதலில் பெற்றுக்கொண்டார்கள். லண்டனில் முந்தைய டிசெம்பரிலேயே தொடங்கியிருந்தபடியால், எமது இங்கிலாந்துக் கிளையினர் ஊசி போட்ட கையைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு முறை வந்தது மே மாதக் கடைசியில், சைனோபாம் 50,000 வந்தபோது. அப்போது நாடு முழுவதும் பயணத்தடை. எந்தக் கிராம அலுவலர் பிரிவுக்கு எந்த நாள், எந்த இடம் என்ற விபரம் முச்சக்கரவண்டியில் கட்டிய ஒலிபெருக்கியிலும் கோவில் ஒலிபெருக்கியிலும் சொல்லப்பட்டது. வகுப்புகள் இல்லாவிட்டாலும் எங்கள் வகுப்புக் குழுக்கள் அந்த விபரத்தைச் சுமந்தன. தனியே இருந்த முதியவர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்லும்படி பிள்ளைகளுக்கே எழுதினோம். வெளிநாட்டிலிருந்த மகள்மார் பலர், தங்கள் அம்மா ஊசி போட்டாச்சு என்பதை முதலில் அறிந்தது ஒரு தரம் 9 மாணவியின் செய்தியால்தான்.

எங்களில் எண்பதைத் தாண்டியவர்களின் புயத்தில் அம்மைப்பால் குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது. பி.சி.ஜி. தழும்பு இல்லாத கை அரிது. 1990களில் போருக்கு நடுவிலும் போலியோச் சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. ருபெல்லா ஊசி 1996இல் பெண்களுக்கென்றே வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஏற்றப்படுகிறது. ஆக, பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஊசி என்பது எங்கள் ஊருக்குப் பழகிய காரியம். அப்படியிருந்தும் மேல்வகுப்பு மாணவிகளுக்குப் பைசர் வருகிறது என்றதும் ஒரு கதை பரவியது: இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை தங்காது.

ஆண் பாடசாலைகளை இந்தக் கதை இவ்வளவு உலுக்கவில்லை. எங்களை உலுக்கியது. சம்மதக் கடிதங்கள் திரும்பி வரவில்லை. சங்கம் சூமில் ஒரு கூட்டம் வைத்தது. லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் ஆகிய இடங்களிலிருந்து எம் வைத்திய அங்கத்தவர்கள் நேர வித்தியாசம் பாராமல் வந்து பேசினார்கள். நல்ல கூட்டம். ஆனால் உண்மையைச் சொல்வதானால், அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே சம்மதித்தவர்கள். தயங்கியவர்கள் அந்த இணைப்பைத் திறக்கவேயில்லை. அவர்களின் மனதை மாற்றியவர் அந்தந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பிறந்த கிழமையிலேயே பார்த்து, நிறை நிறுத்தவர். படலையில் நின்று கதைத்தார்: "உங்கட சின்னவளுக்கு ஆறாம் வகுப்பில ஊசி போடேக்கையும் நான்தானே வந்து சொன்னனான். அவளுக்கு என்ன நடந்தது?" அடுத்த நாள் கடிதம் வந்தது. கருத்தரங்கு நடத்துவதில் கெட்டிக்காரராகிய நாங்கள் இதைக் கவனித்து வைத்திருக்கிறோம்.

இடையில் இன்னொரு மூடல். 2021 ஜூலையில் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி தொடங்கிய அதே மாதம், 24 ஆண்டுச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஜூலை 12 முதல் ஒக்டோபர் 25 வரை அது நீடித்தது. வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து கோபமான செய்திகள் வந்தன. எங்கள் ஆசிரியைகளில் பெரும்பாலோர் எங்கள் பழைய மாணவிகள் என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள். தங்கள் சம்பளத்திலேயே டேற்றா வாங்கிப் பதினைந்து மாதம் படிப்பித்தவர்கள் அவர்கள்.

ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. மரணங்கள் மிகுந்த காலம் அது. பிறகு ஒக்டோபர் 21இல் 200க்குக் குறைந்த மாணவர் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் திறந்தன. எங்கள் மாணவிகளின் தம்பிமார் பலர் படிப்பது அப்படியான சின்னப் பள்ளிக்கூடங்களில். அவர்கள் முதலில் போக, அக்காமார் படலையில் நின்று பார்த்தார்கள். 25இல் எமது ஆரம்பப் பிரிவு, நவம்பர் 8இல் தரம் 10 முதல் 13 வரை, 22இல் தரம் 6 முதல் 9 வரை. தடுப்பூசியும் அதே காலத்தில் வயது வாரியாக இறங்கி வந்தது: ஒக்டோபரில் 18, 19 வயதினர், பின் 16, 17 வயதினர், 2022 ஜனவரியில் 12 முதல் 15 வயது வரை. பிரார்த்தனை மண்டபத்தில் வாங்குகளை இடைவெளி விட்டுப் போட்டு ஊசி ஏற்றினார்கள். பெரிய வகுப்புகள் பிரிக்கப்பட்டுக் கிழமை மாறி வந்ததால், ஒரே வகுப்புத் தோழிகள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் காணாதிருந்தார்கள்.

இடாப்பு கூப்பிட்டபோது சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. எத்தனை என்று ஆசிரியைகளிடம் கணக்குண்டு. எமது ஊர் சிறியது, எண்ணைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும் என்பதால் இங்கே அச்சிடவில்லை. புடவைக்கடைக்கு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். சுகமில்லாத அப்பம்மாவைப் பார்க்க வீட்டோடு நின்றவர்கள் இருந்தார்கள். கலியாணம் பேசி முடித்த ஒரு வீடும் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த செய்தியே தனக்கு வரவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாள். தொலைபேசி அடகில் இருந்திருக்கிறது. வகுப்பாசிரியைகளும் ஊரிலுள்ள எம் அங்கத்தவர்களும் இரண்டு இரண்டு பேராகச் சைக்கிளில் போனார்கள். புடவைக்கடைப் பிள்ளைகளில் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. அப்பம்மாவோடு நின்றவளுக்குப் பகல் வேளையில் ஆள் ஒழுங்கு செய்து கொடுத்தோம். தொலைபேசி அடகில் இருந்த வீட்டுக்கு இப்போதும் எங்கள் அறிவித்தல் தாளிலேயே போகிறது.

2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23ஆம் திகதிதான் தொடங்கியது. நோய் தணிந்திருந்தது, பெற்றோல் இல்லை. மாணவிகள் சைக்கிளிலும் நடந்தும் வந்து எழுதினார்கள். 2020 ஜனவரியில் தரம் 10க்கு வந்த தொகுதி அது. இன்று அவர்கள் எம் சங்கத்தின் இளைய அங்கத்தவர்கள். தரம் 10 வகுப்புப் படம் அவர்களுக்குக் கிடையாது. இம்மலரின் வகுப்புப் பட வரிசையில் அந்த ஆண்டுக்கு, அவர்களில் ஒருத்தி தன் தொலைபேசியில் பிடித்து வைத்திருந்த சூம் வகுப்பொன்றின் திரையை அச்சிட்டிருக்கிறோம். பல சதுரங்களில் முகம் இல்லை, பெயர் மட்டும்தான். கமராவைப் போட்டால் டேற்றா கூட முடியும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.