ஒரு லாரியும் முப்பது சென்டிமீட்டர் பாலைவனமும்

இயற்பியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவருக்குச் சிற்றுரு மாதிரிகள் செய்வதில் நெடுநாள் ஈடுபாடு. சென்ற கோடை விடுமுறையில் ஒரு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நம்மையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஜப்பானின் டமியா நிறுவனம் 1/35 அளவில் வார்த்த பிளாஸ்டிக் பாகங்கள் அதில் இருந்தன. ஒட்டி முடித்தால் ஒரு செவ்ரோலே லாரி. 1942இல் லிபியப் பாலைவனத்தில் பிரிட்டிஷாரின் 'நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு' ஓட்டிய வண்டி அது. பாலை என்றதும் முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த நிலத்தையும் அங்கு நிகழும் பிரிவையும் நினைத்துக்கொள்ளும் நமக்கு அந்தப் பெட்டியில் என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றியது. வண்டியை ஒட்டுவது நண்பர் பொறுப்பு, அது நிற்கும் நிலத்தை அமைப்பது நம் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். சிக்கல் முழுவதும் நம் பங்கில்தான் இருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

1/35 என்ற அளவுக்கே ஒரு வேடிக்கையான பிறப்புக் கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் டமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. மின்கலங்களும் மோட்டாரும் உள்ளே அடங்கவேண்டும் என்பதே அதன் பருமனைத் தீர்மானித்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. இன்று உலகெங்கும் இரண்டாம் உலகப்போரைச் சிற்றுருவில் அளக்கும் கோல், இப்படி ஒரு மின்கலத்தைச் சுற்றி வளர்ந்ததுதான்.

லாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கதவு இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. கண்ணாடியின் பளபளப்பு பல மைல்களுக்கு அப்பாலும் வண்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய் பக்கத்திலுள்ள நீர்க்கலத்துக்குப் போகிறது. கொதித்தெழும் நீராவி அங்கே சென்று குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் வெற்றிடத்தின் இழுப்பில் அந்நீர் ரேடியேட்டருக்கே திரும்பிவிடும். ஒரு குவளை நீரும் வீணாகாது. மணலில் புதைந்த சக்கரத்தின் அடியில் செருகுவதற்கான எஃகுத் தகடுகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. ஓட்டுநர் முன்னே சிறு வட்டத்தட்டும் அதன் நடுவில் செங்குத்தான ஊசியும் உண்டு. இது சூரியத் திசைகாட்டி. வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும். ஊசியின் நிழலை எந்த இரும்பும் குழப்ப முடியாது. அரை நாள் செலவிட்டு ஒட்டிய பாகங்களில் எல்லாவற்றையும்விட மிகச் சிறியது இதுதான்.

இந்த உபாயங்களில் பலவற்றைத் தொகுத்துச் செம்மைப்படுத்தியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பாதியிலும் 1930களிலும் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில், பெரும்பாலும் சொந்தச் செலவில், லிபியப் பாலைவனத்தைச் சுற்றித் திரிந்தார். பிறகு லண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து மணற்பருக்கைகள் காற்றில் எவ்வாறு துள்ளித் துள்ளி நகர்கின்றன என்று ஆராய்ந்தார். அது குறித்த நூல் 1941இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்வோருக்கும் அது மூலநூலாயிற்று. 1939இல் கென்யாவுக்குச் செல்லும் வழியில் அவருடைய கப்பல் மத்தியதரைக் கடலில் மோதலுக்குள்ளானதால் எகிப்தில் இறங்க நேர்ந்தது. இத்தாலி போரில் குதித்த 1940 ஜூனுக்குப் பின் தளபதி வேவல் அவருக்குக் கொடுத்த அவகாசம் ஆறு வாரம். அதற்குள் முளைத்ததே இக்குழு. முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள், பலர் பண்ணையாட்கள். தம் லாரிகளுக்கு மாவோரி மொழிப் பெயர்களைச் சூட்டினார்கள். 1942இல் இந்தியப் படையைச் சேர்ந்த ஒரு பிரிவும் இக்குழுவோடு இணைந்து இயங்கியது. ஜாட், ராஜபுத்திரர், சீக்கியர், பஞ்சாப் முஸ்லிம்கள் என நான்கு சுற்றுக்காவல் அணிகள். நம் பெட்டியிலிருந்த வீரர் உருவங்களில் தலைப்பாகை ஒன்றும் இல்லை.

இக்குழுவின் தலையாய பணி தாக்குதல் அன்று, எண்ணுதல். 1942 மார்ச் தொடங்கி ஜூலை வரை, எதிரியின் எல்லைக்கு உள்ளே பல நூறு கிலோமீட்டர் தொலைவில், கடற்கரை நெடுஞ்சாலை ஓரம் இருவர் விடியுமுன் சென்று படுத்துக்கொள்வர். இருட்டும்வரை அசையாமல் கிடந்து, சாலையில் போகும் ஒவ்வொரு டாங்கியையும் லாரியையும் எண்ணுவர். ரோமல் எவ்வளவு வலுவோடு இருக்கிறார் என்பது கெய்ரோவுக்கு இவ்வாறு தெரிந்தது. இதைச் சிற்றுருவாக்க முனைந்தால் லாரி கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் வலைபோர்த்தி நிற்கும். கடையில் யார் வாங்குவார்?

இனி நிலத்துக்கு வருவோம். தெர்மாகோலை அரிந்து சரிவாக்கி, மேலே பாரிஸ் சாந்து பூசி, பசை தடவி ஆற்று மணலைத் தூவினோம். விளைவு பாலைவனமாக இல்லை, ஜல்லி கொட்டிய சாலையாக இருந்தது. காரணம் எளிது. அரை மில்லிமீட்டர் மணற்பருக்கை, 5 சென்டிமீட்டர் உயர மனிதனின் காலடியில், ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கூழாங்கல்லுக்குச் சமம். லாரியைச் சுருக்கலாம், மனிதனைச் சுருக்கலாம். மணலைச் சுருக்க முடியாது. செங்கல்லை இடித்து, கோலமாவோடு கலந்து, மெல்லிய துணியில் சலித்துத் தூவியபின்தான் மணல் போலத் தோன்றியது.

நண்பர் அதோடு விடவில்லை. எடையைக் கணக்கிட்டார். லாரி சுமந்த பெட்ரோல், நீர், உணவு, குண்டுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 2 டன் என்று கொண்டால் நம் மாதிரியின் சுமை 47 கிராம்தான் வரும். நீளம் 35 மடங்கு குறையும்போது எடை ஏறத்தாழ 43,000 மடங்கு குறைகிறது. அந்த வண்டி மணலில் புதைந்த துயரம் எதையும் நம் வண்டி அறியாது. எகிப்து-லிபியா எல்லையிலுள்ள பெரும் மணற்கடலின் 100 மீட்டர் குன்றை இதே அளவில் செய்தால் கூரையை முட்டும். பிறைவடிவ மணற்குன்றோ இயற்கையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறைவாக உருவாவதே அரிது. ஆக, மேசைமேல் நாம் அழகாக வளைத்துவைத்த பத்து சென்டிமீட்டர் குன்று இயற்கை அந்த உயரத்தில் உருவாக்காத ஒன்று. சரிவின் கோணம் மட்டும் எந்த அளவிலும் ஏறத்தாழ 33 பாகைதான் என்று சொல்லி, உலர்ந்த மணலைக் குவித்துக் கோணமானியால் அளந்தும் காட்டினார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

குன்றைக் கலைக்க நமக்கு மனமில்லை. அதைக் கலைக்கவைத்தது வேறொன்று: யாருமற்ற அந்த அழகு. பாலைவனக் காட்சி செய்வோர் அனைவரும் வெற்று நிலத்தையே செய்கிறார்கள். இரண்டு ஐரோப்பியப் படைகள் மோதுவதற்கென்றே காலியாக விடப்பட்ட மேடை போல. அது காலியாக இருந்ததா?

1931 ஜனவரியில் இத்தாலியப் படை குஃப்ரா பாலைச்சோலையைக் கைப்பற்றியது. மக்கள் குடும்பம் குடும்பமாகத் தென்கிழக்கே உவைனாத் மலையை நோக்கி ஓடினர், விமானங்கள் துரத்தின. உவைனாத்தில் மேய்ச்சலும் போதவில்லை. சிலர் அங்கிருந்து எகிப்தின் தாக்லாவுக்கு, இடையே ஒரு கிணறும் இல்லாத சுமார் 500 கிலோமீட்டரைக் கடக்கத் துணிந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். அதே காலத்தில் லிபியாவின் கிழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை முகாம்களில் அடைத்திருந்தார்கள். உமர் முக்தாரைத் தூக்கிலிட்டது அவ்வாண்டு செப்டம்பரில். எகிப்தின் நில அளவைத் துறையில் பணியாற்றிய பாட் கிளேட்டன் அப்போது அப்பகுதியில் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தார். அகதிகளைக் கண்டவர், அளவைப் பணியை நிறுத்திவிட்டுத் தம் கார்களில் அவர்களை மீட்கலானார்.

இந்தக் கிளேட்டன்தான் 1940இல் பாக்னால்டின் குழுவில் சேர்ந்து ஓர் அணிக்குத் தலைவரானார். 1941 ஜனவரி 31 அன்று, குஃப்ராவை நோக்கிச் செல்லும் வழியில் ஜெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் இத்தாலியர் தாக்கி அவரைச் சிறைபிடித்தனர். (அவர் ஓட்டியவை முந்தைய வகை செவ்ரோலேக்கள், நம் பெட்டியிலுள்ளது அடுத்த ஆண்டு வந்தது.) எரிந்த லாரிகளுக்கிடையே தப்பிய ரொனால்டு மூர் என்ற நியூசிலாந்து வீரரும் மற்ற மூவரும் சரணடையவில்லை. காயத்தோடு, ஒரே ஒரு தகரம் நீரோடு, தம் வண்டிகள் வந்த டயர் தடங்களையே பற்றிக்கொண்டு பத்து நாளில் சுமார் 340 கிலோமீட்டர் நடந்தார்கள். ஒருவர் மீட்கப்பட்டபின் இறந்தார். மூரின் நடையை வரலாறு பெயரிட்டு வைத்திருக்கிறது, பதக்கமும் உண்டு. பத்தாண்டு முன் அதே வெயிலில் நடந்த குஃப்ரா பெண்களின் நடைக்கு அப்படிப் பெயரில்லை.

"இதையெல்லாம் மேசைமேல் காட்ட முடியுமா? லாரிக்குத்தானே இந்தக் காட்சி" என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். ஆயினும் எதைக் காட்டாமல் விடுவது என்பது மாதிரி செய்வோரின் பழைய வழக்கு. வாட்டர்லூ போர்க்களத்தைப் பல்லாயிரம் ஈய உருவங்களோடு 1838இல் செய்து முடித்த வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, பிரஷ்யப் படை வந்துசேர்ந்த நேரத்தை ஆராய்ந்து அதன்படியே உருவங்களை நிறுத்தினார். வெற்றி தம்முடையது என்று கருதிய வெலிங்டன் தரப்புக்கு அது கசந்தது. கடைசியில் ஆயிரக்கணக்கான பிரஷ்ய உருவங்கள் களத்திலிருந்து அகற்றப்பட்டன. அந்த மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. நூலில் ஒரு வரியை அடிப்பதைவிட உருவத்தை எடுப்பது எளிது. எடுத்த இடத்தில் அடித்த சுவடுகூட இராது.

வழி நண்பரின் இயற்பியலிலிருந்தே கிடைத்தது. சஹாராவில் மணற்கடல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மற்றது பாறையும் சரளையும். மணற்குன்றில் தடம் ஒரு காற்றுக்குத் தாங்காது. சரளைச் சமவெளியிலோ டயர் தடங்களும் ஒட்டகத் தடங்களும் பல்லாண்டு அழியாமல் கிடக்கும். குன்றை வழித்தெறிந்தோம். முதல்நாள் ஜல்லி என்று ஒதுக்கிய ஆற்று மணல் இப்போது அப்படியே சரளையாயிற்று. இடம் குஃப்ராவுக்கும் உவைனாத்துக்கும் இடையே, காலம் 1942. முப்பது சென்டிமீட்டர் பலகை என்றால் பத்தரை மீட்டர் நிலம். சூரியத் திசைகாட்டியின் நிழலை வைத்து லாரியை வடமேற்கே திருப்பி நிறுத்தினார் நண்பர். அதற்குக் குறுக்காக இல்லாமல், எதிர்த்திசையில், தென்கிழக்கே, பழைய ஒட்டகத் தடங்களைப் பதித்தோம். ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் வட்டம்.

மனிதக் காலடி பதினோராண்டு நிற்காது என்று நண்பர் அறுதியிட்டுச் சொல்லிவிட்டார். தெரிந்தே செய்யும் பிழை இது ஒன்று இருக்கட்டும் என்றோம். சற்று யோசித்துவிட்டு, பெரியவர்களுக்கு 7 மில்லிமீட்டர், குழந்தைகளுக்கு 4 போதும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். தீக்குச்சியின் முனையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தோம்.