ஒரே பெயர், இரண்டு மரங்கள்: பேதி மருந்தைத் தேடிய சென்னை

மழைக்காலம் வந்தால் வயிற்றுப்போக்குக்கு நாட்டு மருந்து சொல்லும் வாட்ஸ்ஆப் செய்திகளும் வந்துவிடும். வில்வக்காய், மாதுளம் பிஞ்சு, வெட்பாலை அரிசி என்று பட்டியல் நீளும். கீழே இரண்டு கட்சி. "பாட்டி வைத்தியத்துக்கு ஈடே இல்லை" என்று ஒன்று, "எல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொன்று. வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். இதே வழக்கு நம் ஊரில் இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. நமக்கு இன்றைக்கும் உதவக்கூடிய பாடம் அதில் இருப்பதால் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1813-ல் சென்னையில் ஒரு புத்தகம் அச்சானது. எழுதியவர் ஒயிட்லா ஐன்ஸ்லி, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். இந்தியாவில் புழங்கிய மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூல் அது. 1826-ல் லண்டனில் அதையே 'மெட்டீரியா இண்டிகா' என்று இரண்டு தொகுதிகளாக விரித்து வெளியிட்டார். நம் வைத்தியர்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களை அதில் சேர்த்திருந்தார். பேதிக்குத் தரும் வெட்பாலையும் அதில் உண்டு. சிக்கலும் அந்தப் பெயரில்தான்.

குடசப்பாலை என்று ஒரு மரம், வெட்பாலை என்று ஒரு மரம். இரண்டிலும் பால் வடியும், இரண்டும் வெள்ளையாகப் பூக்கும், இரண்டிலும் நீண்ட காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பட்டையாகவும் விதையாகவும் கடைக்கு வந்துவிட்டால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சீதபேதிக்குப் பேர்போனது குடசப்பாலைப் பட்டைதான். அது கடுங்கசப்பு. வெட்பாலையில் அந்தக் கசப்பு இல்லை. யுனானி வைத்தியர்கள் இதை அறிந்து, 'கசப்பு இந்திரஜவ்', 'இனிப்பு இந்திரஜவ்' என்று இரண்டு விதைகளையும் பிரித்தே சொன்னார்கள். கடைப் பேச்சில் 'வெட்பாலை அரிசி' என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் ஓடியது.

குழப்பத்துக்கு ஐரோப்பாவும் தன் பங்கைச் செலுத்தியது. லின்னேயஸ் 'பேதியை நீக்குவது' என்று பொருள்படும் லத்தீன் பெயரை ஒரு செடிக்கு வைத்தார். அந்தப் பெயர் கடைசியில் போய் நின்றது இலங்கையில் வளரும் வேறொரு சிறு செடியின் மேல். இன்று நம் நர்சரிகளில் வெள்ளை நட்சத்திரம் போலப் பூத்து, அழகுக்காக விற்பது அதுதான். விளைவு என்ன? கப்பலேறிப் போன பட்டையில் எது கலந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. 'இந்திய மருந்து பயனில்லை' என்று சொல்லிக் கைவிட்டார்கள். மருந்து தோற்றதாகச் சொல்ல முடியாது, சரியான மருந்து நோயாளியிடம் போய்ச் சேரவே இல்லை.

இதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர் நம் பக்கத்துக்காரர். மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியில் அரசு மருந்தகத்தை நடத்திய முகைதீன் ஷெரீப். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, மேனாட்டு மருத்துவம் கற்றவர். 1868-ல் எட்வர்ட் வாரிங் தொகுத்த 'இந்திய பார்மகோபியா' வெளிவந்தது. வில்வக்காய் அதில் அதிகாரபூர்வமான மருந்தாக இடம்பெற்றது. மறு ஆண்டே, 1869-ல், ஷெரீப் அதற்கு ஓர் இணைப்பு நூலைச் சென்னையில் வெளியிட்டார். சரக்குகளுக்குத் தமிழ், தெலுங்கு, தக்காணி, பாரசீகம், சமஸ்கிருதம் எனப் பல மொழிகளில் என்ன பெயர், எந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய நூல். கடையில் எந்தப் பெயர் சொன்னால் எந்தப் பொருளை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. அவர் எழுதிய 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் மெட்ராஸ்' அவர் மறைவுக்குப் பின், 1891-ல், டேவிட் ஹூப்பர் பதிப்பித்து வெளிவந்தது. அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த தலைமுறையில் வழக்கு அரசியலானது. 1905-ல் மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயர் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தைத் தொடங்கினார். 1918-ல் சென்னை அரசு நாட்டு மருந்துகளைச் சோதிக்க டாக்டர் எம்.சி. கோமனை நியமித்தது. தனித்தனி மருந்துகள் சிலவற்றை அவர் ஏற்றார், வைத்திய முறைகளை ஏற்கவில்லை. வைத்தியர்கள் கொதித்தார்கள். அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1923-ல் வந்தது. குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். கீழ்ப்பாக்கத்தில் தொடங்கிய அரசு இந்திய மருத்துவப் பள்ளிக்கு முதல் முதல்வரும் அவரே.

சரி, மருந்து வேலை செய்கிறதா இல்லையா?

குடசப்பாலைப் பட்டையில் கோனெசின் என்ற பொருள் இருக்கிறது. அது அமீபாவைக் கொல்லும். ஆகவே அமீபாவால் வரும் சீதபேதிக்கு அந்தப் பட்டை கேட்டது என்பதில் வியப்பில்லை. பக்கவிளைவுகள் இருந்ததால், மெட்ரோனிடசோல் வந்தபின் அது ஒதுங்கியது. மாதுளை ஓடு, மாசிக்காய், கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது குடலின் உட்பரப்பைச் சற்று இறுக்கும்.

வில்வக்காயின் கதை இன்னும் சுவையானது. மும்பையில் ஓர் ஆய்வுக் குழு 2009-ல் வில்வப் பிஞ்சுக் கஷாயத்தைச் சோதித்தது. ஆறு வகைப் பாக்டீரியாக்களில் ஒன்றைக்கூட அது கொல்லவில்லை. ஆனால் அவை செல்களின் மேல் ஒட்டுவதையும் உள்ளே புகுவதையும் குறைத்தது. காலரா நச்சு தன் இலக்கில் போய் ஒட்டுவதையும் தடுத்தது. கிருமியைக் கொல்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் வில்வத்தைப் 'பெயில்' போட்டிருப்பார்கள். ஆனாலும் இது ஆய்வகத்தில் கண்டது, நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது அல்ல.

ஆக, மரத்தைப் போலவே நோயிலும் ஒரே பெயர்தான் குழப்பம். 'பேதி' என்கிறோம். அமீபா தரும் சீதபேதி வேறு, காலரா வேறு, ரோட்டா வைரஸ் வேறு. நம் சித்த நூல்களே கழிச்சலைப் பல வகையாகப் பிரிக்கின்றன. வாட்ஸ்ஆப் செய்தி பிரிப்பதில்லை.

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும். அந்த வேகத்துக்கு எந்தப் பட்டையும் ஈடுகொடுக்காது. சென்னையில் அந்தச் சாவுகளைக் குறைத்ததில் பெரும் பங்கு தண்ணீருக்குத்தான். குளத்தையும் கிணற்றையும் நம்பியிருந்த ஊருக்கு 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்தது. அதை மணலில் வடிகட்டிக் கொடுக்க 1914-ல் கீழ்ப்பாக்கம் நிலையம் வந்தது. 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகும் நோய் நம்மை விடவில்லை. 1992-ல் ஓ139 என்ற புது வகைக் காலராக் கிருமியை முதலில் கண்டது நம் சென்னையில்தான்.

இனி, பதிவைப் படிக்கும் என் மாணவ மாணவியருக்கு. உங்களில் பலர் இப்போது தாத்தா பாட்டி ஆகியிருப்பீர்கள்.

பேரக்குழந்தைக்குப் பேதி என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது, அதில் நம் பாட்டிமார் சரியாகவே இருந்தார்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் போனாலும், கண் உள்வாங்கினாலும், சிறுநீர் நின்றாலும், குழந்தை துவண்டாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

பெரியவர்களுக்கு நாட்டு மருந்து வேண்டுமானால், தகுதியுள்ள சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போய், எந்தப் பேதி, எந்த மரம் என்று கேட்டு வாங்குங்கள். இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறம் இறங்குகிறதே, தோலுக்குத் தடவுகிறோமே, அது வெட்பாலை. சீதபேதிக்குப் பேர்போன மரம் அதுவல்ல.

உங்கள் வீட்டில், உங்கள் ஊர்ப் பக்கம், குடசப்பாலைக்கு வேறு பெயர் வழங்கினால் கீழே எழுதுங்கள். ஷெரீப் செய்த வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.